தாயைக் காப்பது தனி வீட்டு வேலையா?

நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி ஒன்பது நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. படிப்பில் கெட்டிக்காரி, காய்ச்சல் கண்டாலும் மறுநாளே வந்து நிற்கும் பிள்ளை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வட்டங்கள் வரிசையாக விழுந்துகொண்டே போனதைப் பார்த்து, பத்தாம் நாள் பள்ளி முடிந்ததும் வீட்டுக்கே போனேன்.

தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது கட்டப்பட்ட அடுக்குமாடி அது. கிள்ளான் வட்டாரத்தில் இப்படிப்பட்டவை ஏராளம். மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன். தோளில் ஒரு பச்சைக் குழந்தையைப் போட்டுக்கொண்டு அந்தச் சிறுமிதான் திறந்தாள்.

"தம்பிப் பாப்பா பொறந்துட்டான் டீச்சர். அம்மாவுக்கு முடியல. அப்பா லோரி எடுத்துக்கிட்டு வெளியூர் போயிருக்காரு" என்றாள்.

உள்ளே பாயில் தாய் சுருண்டு கிடந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். இரண்டு நாளாக இரத்தப்போக்கு அதிகம். எழுந்தால் தலை சுற்றுகிறது. "யாருகிட்டயும் சொல்லலியா?" என்று கேட்டேன். "யாருகிட்ட டீச்சர் சொல்றது? இங்க வந்து ஆறு வாரந்தான் ஆவுது. யாரையும் தெரியாது" என்றார்.

மகப்பேற்றுக்குப் பின் வீடு தேடி வரும் அரசாங்கத் தாதி என்ன ஆனார்? அவர் வந்திருக்கிறார், ஆனால் பழைய வீட்டுக்கு! வீடு மாறியதைக் கிளினிக்கில் சொல்ல இவர்கள் மறந்துவிட்டார்கள். பூட்டிய கதவைத் தட்டிவிட்டு அவர் திரும்பியிருக்கிறார்.

நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு மலாய் மூதாட்டி எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் மறு வார்த்தை பேசாமல் உள்ளே போய் மகனை எழுப்பிக் காரை எடுக்கச் சொன்னார். கீழ்மாடித் தமிழ்ப் பாட்டி ஒருவர் வந்து குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். அரை மணி நேரத்தில் மருத்துவமனை சேர்ந்தோம். கருப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு தங்கிச் சீழ் பிடித்திருந்தது. இரத்தம் ஏற்றி, வேண்டிய சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். "இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை" என்றார் டாக்டர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தாய்க்கும் சாவுக்கும் நடுவே இருந்தவை பத்தடி நடைபாதையும் தட்டப்படாத ஒரு கதவும்தானே!

பாட்டி சொன்ன லயத்துக் கதை

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். சுதந்திரத்துக்கு முந்திய லயத்து வாழ்க்கையைக் கதை கதையாகச் சொல்வார். ஒருத்திக்கு இடுப்புவலி கண்டால் லயமே விழித்துக்கொள்ளுமாம். ஒருத்தி வெந்நீர் வைப்பாள். ஒருத்தி பழஞ்சேலை கிழிப்பாள். ஒருத்தி மற்றப் பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைப்பாள். மருத்துவச்சிக் கிழவியை அழைத்துவர ஆண்கள் லாந்தரோடு ஓடுவார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சேர்த்த செலவு ரசம் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து தினமும் வந்துவிடும். அவள் பங்குத் துணியைத் துவைக்கவும் ஆள் உண்டு.

இதையெல்லாம் பெருமையோடு சொல்லிவரும் பாட்டி, ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திவிடுவார். அவருடைய தோழி ஒருத்தி அப்படித்தான் லயமே சூழ்ந்து நிற்கத் தலைப்பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை பிறந்தது. நஞ்சு விழவில்லை. இரத்தம் நிற்கவில்லை. டிரெசரை எழுப்பி, தோட்டத்து லோரிக்கு அனுமதி வாங்கி, லோரி வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. அவள் போய்விட்டாள். "நாப்பது பேரு சுத்தி நின்னோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் பண்ணத் தெரியலியே" என்று பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று ஆள் இருந்தது. அறிவும் வண்டியும் இல்லை. இன்று அறிவும் உண்டு, வண்டியும் உண்டு; கூப்பிட ஆள் இல்லை. தாயும் சேயும் பிழைக்க இவ்விரண்டும் ஒன்றாய்ச் சேர வேண்டும். நம் நாட்டின் சரித்திரமே இதற்குச் சாட்சி.

கிள்ளானில் வெட்டிய கால்வாய்

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. மலேரியாக் காய்ச்சலால் ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் நிலை வந்தது. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை 1897-இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. வாட்சன் அந்த அறிவை நம்பினார். சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டச் செய்தார்; காட்டை வெட்டிச் சீராக்கினார். காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. பின்னர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இதே வேலை தொடர்ந்தது.

இதற்கும் தாய்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கர்ப்பிணிக்கு மலேரியா கண்டால் இரத்தம் வற்றிப்போகும், கரு கலையும், பிறக்கும் பிள்ளை எடை குறைந்து பிறக்கும். வெட்டிய ஒவ்வொரு கால்வாயும் பல தாய்மாரின் உயிரைக் காத்தது. ஒரு வீடு மட்டும் கொசுவை ஒழிக்க முடியுமா? பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கினால் நம் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல்தான். டிங்கிக் காய்ச்சல் உள்ள இந்நாளிலும் இது அப்படியே பொருந்தும்.

1941-இல் நடந்த கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தைக் கூலி உயர்வுக்கான போராட்டம் என்று மட்டும் நினைப்பது தவறு. பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், தக்க மருத்துவ வசதி வேண்டும் என்பனவும் அக்கோரிக்கைகளில் இருந்தன. தொழிலாளரைத் துப்பாக்கி கொண்டு அடக்கினார்கள், உயிர்ப்பலியும் நேர்ந்தது. மருத்துவம் என்பது துரை போடும் பிச்சை அன்று, உரிமை என்று நம் முன்னோர் அன்றே ஒன்றுகூடிச் சொன்னார்கள்.

அந்த உரிமை இன்று சட்டத்தில் இருக்கிறது. நெடுங்காலம் 60 நாளாக இருந்த மகப்பேற்று விடுப்பு, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாக உயர்ந்தது. தகுதியுள்ள தந்தைக்கும் 7 நாள் சம்பள விடுப்பு உண்டு. தோட்டமோ, தொழிற்சாலையோ, துப்புரவு வேலையோ, எங்கே வேலை செய்தாலும் இதைக் கேட்டுப் பெறுங்கள். முதலாளிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது நம் கடமை.

பிடானும் தாதியும் கைகோர்த்தபோது

1950-ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டில் ஒரு லட்சம் பிள்ளைப்பேற்றுக்குச் சுமார் 530 தாய்மார் இறந்தார்கள். சுதந்திரம் பெற்ற 1957-இல் அது 280 அளவுக்கு இறங்கியது. 1970-இல் அதிலும் பாதியானது. 1991-இல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே தோண்டித் துருவி விசாரிக்கும் முறை வந்தபோது, விடுபட்டவற்றையும் சேர்த்து எண்ணியும் 44-ஐ ஒட்டித்தான் இருந்தது. குழந்தைகளின் கணக்கும் அப்படியே. 1957-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே.

பணக்கார நாடுகள் அல்லாத மலேசியாவும் இலங்கையும் இதை எப்படிச் சாதித்தன என்று விளக்கி, 2003-இல் உலக வங்கி ஒரு தனி நூலே வெளியிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளைக் கட்டியது மட்டும் காரணமன்று. கிராமத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற மருத்துவத் தாதியைக் குடியமர்த்தினார்கள். சுமார் 2,000 பேருக்கு ஒரு தாதி வீடும் கிளினிக்கும் என்பது தொடக்கத் திட்டம். அந்தத் தாதி சைக்கிளிலும் நடந்தும் வீடு வீடாகப் போனார்.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஊர் நம்பியது பிடான் கம்போங் எனப்படும் கிராமத்து மருத்துவச்சியை. இளவயதுத் தாதியைக் கண்டால், "நேத்துப் பொறந்த பொண்ணு, இவளுக்கு என்ன தெரியும்?" என்றார்கள். அரசாங்கம் கிழவிகளை விரட்டவில்லை. 1966-ஆம் ஆண்டின் பிடான் சட்டத்தின்கீழ் அவர்களைப் பதிவு செய்தது. சுத்தத்தையும் ஆபத்துக் குறிகளையும் கற்றுக்கொடுத்தது. பிள்ளையை எடுப்பது தாதியின் வேலை. உடம்பு பிடித்துவிடுவது, தாயைத் தேற்றுவது, பத்தியம் பார்ப்பது பிடானின் வேலை என்று மெல்ல மெல்லப் பங்கு பிரிந்தது. இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து நின்றார்கள். தாய்மார் பிழைத்தார்கள்.

தோட்டங்கள் தனியார் சொத்தாக இருந்ததால் இந்தக் கிராமச் சேவை நம் லயங்களுக்கு அதே வேகத்தில் வந்து சேரவில்லை. டிரெசரும் தோட்டத்து ஆஸ்பத்திரியுமே நமக்குக் கதியாக இருந்தன. நல்ல நிர்வாகம் இருந்த தோட்டத்தில் நல்ல கவனிப்பு. இல்லாத தோட்டத்தில் மாத்திரையோடு சரி. ஆகவேதான் தொழிற்சங்கத்துக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் இதில் பெரிய வேலை இருந்தது.

பால் டின் கற்பித்த பாடம்

விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய், இருட்டிலேயே பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஒரே ஓர் ஆயா. பசித்து அழும் பிள்ளைக்கு இனிப்புப் பால் டின்னைத் திறந்து, தண்ணீர் கலந்து கொடுப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. அதில் இனிப்பு அதிகம், சத்துக் குறைவு. புட்டியும் தண்ணீரும் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு.

சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் 1930-களில் மலாயாவுக்கு வந்து குழந்தை நலப் பணி செய்தவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசும்போது, கைக்குழந்தைகளுக்கு இந்தப் பாலை விளம்பரப்படுத்துவது கொலைக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பே 'பாலும் கொலையும்' என்பதுதான். நாற்பது ஆண்டு கழித்து, 1979-இல், குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு மலேசியா ஒழுங்குவிதி வகுத்தது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒழுங்குவிதி வந்தது.

தாய்ப்பால் கொடுக்காத தாயைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு நேரமும் இடமும் ஒத்தாசையும் கொடுத்துவிட்டுப் பிறகு பேசுவோம். சமையலையும் துணியையும் மாமியார் பார்த்துக்கொண்டால், மருமகள் பால் கொடுப்பாள். இதுதான் உண்மை.

லயம் கலைந்தது, அடுக்குமாடி எழுந்தது

கடந்த நாற்பது ஆண்டுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரமாயின. நம் மக்கள் நீள்வீடுகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை, கூப்பிடு தூரத்தில் கிளினிக்கும் மருத்துவமனையும் உள்ளன. இருந்தும் கோலாலம்பூரின் மலிவு அடுக்குமாடிகளில் யுனிசெப் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்ட அறிக்கை நம் நெஞ்சைச் சுடுகிறது. அங்குள்ள ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 பேர் எடை குறைந்தவர்கள். எல்லா இனப் பிள்ளைகளும் இதில் உண்டு.

கிளினிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? போவதற்குத் துணை வேண்டும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், "இன்னிக்குச் செக்கப் இல்லியா?" என்று கேட்க ஒரு வாய் வேண்டும். இவை லயத்தில் தானாகக் கிடைத்தன. அடுக்குமாடியில் நாமாக உண்டாக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, கர்ப்பம் என்று தெரிந்ததும் பன்னிரண்டு வாரத்துக்குள் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளை பெறத் தாய்வீடு போவதானால் அந்த விலாசத்தையும், வீடு மாறினால் புது விலாசத்தையும் தாதியிடம் தவறாமல் சொல்லுங்கள். நான் கண்ட தாயின் உயிர் இந்த ஒரு வரியில்தான் ஊசலாடியது.

இரண்டாவதாக, கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்தில் ஒட்டும் வண்ணத்துக்கு அர்த்தம் உண்டு. வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் டாக்டரும் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் மருத்துவமனை நிபுணரிடம் போக வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. கணவரும் மாமியாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "எல்லாம் எங்க காலத்துல வீட்டுலயே பெத்தோம்" என்று சிவப்பு அட்டைக்காரியை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள்.

மூன்றாவதாக, ஆபத்துக் குறிகள். இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல், காய்ச்சல், பனிக்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏழாம் மாதம் முதல், காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணிக்குள் பத்து அசைவு எண்ண வேண்டும். பத்து வரவில்லை என்றால் அன்றே போக வேண்டும்.

நான்காவதாக, பத்தியம். நம் பாட்டிமார் கொடுத்த பூண்டு, மிளகு, முருங்கைக்கீரை, மீன் எல்லாம் நல்லவைதாம். தண்ணீரைக் குறைப்பதும், காய்கறியை விலக்குவதும், அரைவயிற்றுச் சோறு போடுவதும் ஆகா. பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாதாரணத் தண்ணீரோடு விழுங்குங்கள். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதாகத் தேன் தொட்டு வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து. முதலில் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். பிள்ளைக்கு அதுவே முதல் காப்பு.

ஐந்தாவதாக, பச்சைப் பிள்ளையின் கண்ணும் உடம்பும் மஞ்சளித்தால் வெயிலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திராமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அந்துருண்டை போட்டு வைத்திருந்த பெட்டியிலிருந்து துணி எடுத்துப் பிள்ளையைச் சுற்றாதீர்கள். சில பிள்ளைகளின் இரத்தத்துக்கு அது நஞ்சு. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். 27 ஆண்டுகள் தலைகாட்டாத இளம்பிள்ளை வாதம், 2019 டிசம்பரில் சபாவில் மீண்டும் வந்ததை மறக்கலாகாது.

ஆறாவது ஒன்று உண்டு. அதைத்தான் நான் முதலாவதாக எண்ணுகிறேன். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஐந்து வீடு வேண்டும். கார் உள்ள ஒரு வீடு, நடு இரவிலும் திறக்கும் ஒரு கதவு, மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீடு, பத்து நாளைக்குச் சோறு கொடுக்கும் ஒரு வீடு, "எப்படிம்மா இருக்கே?" என்று தினம் வந்து கேட்கும் ஒரு வீடு. பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, 999 என்ற அவசர எண்ணையும் சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். கோயில் மாதர் பகுதியும், பள்ளிப் பெற்றோர் சங்கமும், குடியிருப்பாளர் சங்கமும் இதை எடுத்து நடத்தலாம். தமிழர் வீடு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். அன்று காரை எடுத்த மக்சிக் என்ன உறவு பார்த்தா எடுத்தார்?

தினம் வந்து கேட்கும் அந்த ஐந்தாம் வீட்டை அற்பமாக நினைக்காதீர்கள். பிள்ளை பெற்றவள் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமின்றி அழுதால், தூங்காமல் வெறித்துப் பார்த்தால், பிள்ளையைத் தொட மறுத்தால் அது பேயுமில்லை, பிடிவாதமுமில்லை. அது நோய், அதற்கு மருத்துவம் உண்டு. இதை முதலில் கண்டுபிடிப்பது பக்கத்து வீட்டுப் பெண்தான்.

இன்னொரு வேண்டுகோள் ஆசிரியை என்ற முறையில். தாய் படுத்துவிட்டால் மூத்த பெண்பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தாயாகும் சுமையைக் கொடுப்பது, அக்கம்பக்கம் தன் சுமையை இறக்கி வைப்பதாகும். நாளைக்கு அவளும் தாயாவாள். தன் புத்தகத்தைத் தானே வாசித்து, வண்ணம் பார்த்து, கணக்கு வைத்துக்கொள்ளும் தாயாக அவள் வர வேண்டுமானால், இன்று அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சிறுமி மறுவாரம் பள்ளிக்கு வந்தாள். எந்த வீட்டிலிருந்து எந்த நாளில் சோறு வருகிறது என்று என்னிடம் ஒப்பித்தாள். திங்கள் கீழ்மாடிப் பாட்டி, செவ்வாய் மக்சிக் வீட்டு மீன் குழம்பு, புதன் நான்காம் மாடி அக்காள். "மக்சிக் தம்பிக்குப் பாட்டுப் பாடுறாங்க டீச்சர். மலாய்ப் பாட்டு. அவன் தூங்கிடுறான்" என்று சிரித்தாள்.

என் பாட்டியின் தோழிக்கு நாற்பது பேர் சூழ்ந்து நின்றும் கிடைக்காத ஒன்று இந்தத் தாய்க்குக் கிடைத்தது. அந்த நாற்பது பேரையும் மருத்துவத்தையும் ஒரே வாசலில் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் எதிர்வீட்டுக் கதவைப் பாருங்கள். உள்ளே ஒரு கர்ப்பிணி இருக்கிறாளா என்று தெரியாவிட்டால், தட்டிக் கேளுங்கள்.